ஒலிவாங்கி யாருடைய கையில்?

வெள்ளவத்தையில் ஒரு வருடத்தில் நடக்கின்ற தமிழ்க் கூட்டங்களை எண்ணி முடிப்பது கடினம். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், கோயில் மண்டபங்கள், பாடசாலை மண்டபங்கள் என்று வார இறுதிகளில் எங்காவது ஓரிடத்தில் நூல் வெளியீடோ நினைவுப் பேருரையோ பட்டிமன்றமோ நடந்துகொண்டிருக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் 1902 ஆம் ஆண்டு தொடங்கிய விவேகானந்த சபை இருக்கிறது. பேச்சைக் கேட்பதற்கென்றே புறப்பட்டுப் போகும் வழக்கம் கொழும்புத் தமிழரிடம் நெடுங்காலமாக உண்டு.

அந்த அழைப்பிதழ்களைச் சில மாதங்களுக்குச் சேர்த்து வைத்துப் பாருங்கள். மங்கல விளக்கேற்றுவோர் பட்டியலில் பெண்கள் இருப்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவது இரண்டு செல்விகள். வரவேற்பு நடனம் மாணவிகள். நன்றியுரை பெரும்பாலும் ஒரு திருமதி. தலைமையுரை, சிறப்புரை, ஆய்வுரை, மதிப்பீட்டுரை என்று வருகின்ற இடங்களில் மட்டும் பெண்களின் பெயரைத் தேட வேண்டியிருக்கும். மார்ச் 8 வந்தால் நிலைமை சற்று மாறும். அன்றைக்கும் கூட, "தமிழ்நாட்டிலிருந்து ஆரையாவது கூப்பிட்டால் சனம் வரும்" என்று சொல்லுகின்ற அமைப்பாளர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஏன் இப்படி என்று கேட்டால், "எங்களிட்டைப் பேசக்கூடிய பெண்கள் எங்கை இருக்கினம்?" என்பதுதான் வழமையான பதில். இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நம் நாட்டில் பேசக்கூடிய பெண்கள் இல்லாத காலம் என்று ஒன்று இருக்கவில்லை. அவர்களை எதைப் பேச அழைக்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கொழும்பு வடக்கில் ஒரு பெண் உறுப்பினர்

1927 ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, கொழும்பில் சில பெண்கள் கூடி பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆணைக்குழுவின் முன்னால் போய்ப் பேசவும் செய்தார்கள். பெண்கள் இப்படி அரசியல் மேடைக்கு வருவது நல்லதல்ல என்று படித்த ஆண்களே எதிர்த்த காலம் அது. மருதனார்மடத்தில் 1913 இல் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதன்கூட பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்ற பக்கத்தில்தான் நின்றார். பெண் படிக்கலாம், ஆனால் தீர்மானிக்கக் கூடாது என்ற எண்ணம் அப்போதே வேரூன்றியிருந்தது.

அங்கு நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு விடயம் எனக்கு எப்போதும் பிடித்தமானது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுவினர் கேட்டார்கள். சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா, நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார். கொழும்பின் வசதியான வீட்டுப் பெண்கள் அன்று தங்களுக்கு மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்கு என்று ஆணைக்குழு சிபாரிசு செய்தது. இறுதியில் 1931 இல் 21 வயதான ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்தார்கள்.

அடுத்த வருடமே, 1932 இல், கொழும்பு வடக்குத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் உள்ள பகுதி அது. டொக்டர் இரட்ணசோதி சரவணமுத்து தேர்தல் வழக்கொன்றினால் ஆசனத்தை இழக்க, அவரது மனைவி நேசம் சரவணமுத்து போட்டியிட்டு வென்று அரசாங்க சபைக்குப் போனார். 1931 இல் தெரிவான அடலின் மொலமுரேக்கு அடுத்து, இலங்கைச் சட்டவாக்க சபையொன்றில் அமர்ந்த இரண்டாவது பெண் இவர். தமிழ்ப் பெண்களில் முதலாமவர். கணவனின் இடத்துக்கு மனைவி என்று இன்றைக்கு இலேசாகச் சொல்லிவிடலாம். ஆனால் துறைமுகத் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த ஒரு தொகுதியில், 90 வருடங்களுக்கு முன்னர், ஒரு தமிழ்ப் பெண் வாக்குக் கேட்டு வென்றிருக்கிறார். கொட்டாஞ்சேனையில் இன்று வாழும் எத்தனை தமிழ்ப் பெண்களுக்கு இவருடைய பெயர் தெரியும்? நான் கேட்ட இடங்களில் ஒரு சிலருக்கே தெரிந்திருந்தது.

அதே காலப்பகுதியில் மலையகத்தில் மீனாட்சியம்மாள் நடேசய்யர் இருந்தார். கணவர் கோதண்டராம நடேசய்யர் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேச எழும்புவதற்கு முன்னர், தொழிலாளருக்குத் தெரிந்த மெட்டுக்களில் தாமே பாட்டுக் கட்டிப் பாடிக் கூட்டத்தைத் திரட்டியவர் அவர். எழுத வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்குச் சம்பளமும் உரிமையும் பற்றிய சங்கதிகள் அந்தப் பாட்டில்தான் போய்ச் சேர்ந்தன. அம்பிகா சாமுவேல், கிருஷ்ணன் கலைச்செல்வி என்ற இரண்டு மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றம் போனது 2024 இல். இடையில் கழிந்த காலத்தைக் கணக்குப் பார்த்தால் மனம் கனக்கிறது.

பேச்சினால் எழுந்த ஒரு வீடு

வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் இருக்கும் நம்மில் பலருக்குத் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மாவைத் தெரியும். கோயில் ஒலிபெருக்கியிலோ வானொலியிலோ அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1925 இல் மல்லாகத்தில் பிறந்தவர்; பண்டிதர் பரீட்சையில் தேறிய ஆசிரியை. கோயில் வீதியில் ஆண் பிரசங்கிமார் மட்டும் புராணம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில், ஒரு பெண் மேடையேறிக் கந்தபுராணத்தையும் பெரியபுராணத்தையும் எடுத்துச் சொன்னபோது, கேட்பதற்குச் சனம் திரண்டது. யாழ்ப்பாணம், கொழும்பு என்று தொடங்கி மலேசியா, சிங்கப்பூர், பிரித்தானியா வரை அவருடைய பேச்சு போனது. சிவத்தமிழ்ச்செல்வி என்ற பட்டம் அவருக்குப் பெயராகவே மாறிவிட்டது.

பெண்ணிய நோக்கில் பார்ப்பவர்கள் சிலர் இவரைப் பற்றிப் பேசத் தயங்குவதுண்டு. சமயச் சொற்பொழிவு பெண்ணைப் பழைய கட்டுக்குள்தானே வைத்திருக்கிறது என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கற்பு, பொறுமை, இல்லறம் என்று மேடையில் சொல்லப்பட்டவற்றை நானும் கேள்வி கேட்பவள்தான். ஆனால் அந்த அம்மா தன் பேச்சைக் கொண்டு என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமைப் பொறுப்பை ஒரு பெண்ணாக ஏற்று நடத்தினார். கோயில் நிர்வாகம் என்பது நம் சமூகத்தில் எவ்வளவு ஆண்களின் உலகம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரசங்கத்தினால் கிடைத்த செல்வாக்கையும் நன்கொடைகளையும் கொண்டு, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காக 1982 இல் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு அடுத்த வருடம் 83. பிறகு வந்த வருடங்களில் தாய் தகப்பனை இழந்த பெண்பிள்ளைகள் எத்தனை ஆயிரம் என்பதை நினைத்தால், அந்த இல்லம் தொடங்கப்பட்ட காலத்தின் முக்கியம் விளங்கும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்து, ஊர்கள் வெறிச்சோடிப் போயின. அம்மா 2008 ஜூனில் காலமாகும் வரை அந்தப் பிள்ளைகளை விட்டு விலகவில்லை.

மேடைப் பேச்சு காற்றோடு போகிற விடயம் என்று சொல்பவர்களுக்கு நான் அந்த இல்லத்தைத்தான் காட்டுவேன். ஒரு பெண்ணின் குரலால் கூரையும் கட்டிலும் பாடப்புத்தகமும் வந்திருக்கின்றன.

வேறொரு வகைக் குரலுக்கு ராஜேஸ்வரி சண்முகத்தைச் சொல்லலாம். இலங்கை வானொலியில் நாடகக் குரலாகத் தொடங்கி அறிவிப்பாளரானவர். 2012 இல் மறைந்தார். மேடைக்கே வராத, வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்களுடன் அடுப்படியில் வைத்தே பேசியவர் அவர். வானொலியில் மங்கையர் நிகழ்ச்சி போகிற நேரத்தில் வேலையை ஒதுக்கிவிட்டு இருந்து கேட்ட அம்மாமாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

கேட்கத் தெரிந்தவர்

பேசுவது எவ்வளவு ஆபத்தானதாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டொக்டர் ராஜினி திராணகம யாழ் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறையின் தலைவராக இருந்தவர். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துவிட்டு, யுத்தத்துக்குள் இருந்த யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தார். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையுடனான சண்டை தொடங்கியபோது பெண்களுக்கு நேர்ந்தவற்றை, அந்தப் பெண்களிடம் போயிருந்து கேட்டுப் பதிவு செய்தார். "முறிந்த பனை" நூலை எழுதிய நால்வரில் ஒருவர். பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களிலும் ஒருவர். இராணுவம் செய்ததையும் சொன்னார், இயக்கங்கள் செய்ததையும் சொன்னார். 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு 35 வயது. விடுதலைப் புலிகளே இக்கொலைக்குப் பொறுப்பு என்று அவருடன் பணியாற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கவிஞர் செல்வி 1991 இல் கொண்டு செல்லப்பட்டவர் திரும்பி வரவேயில்லை. யாழ் மாநகர முதல்வராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே மாதம் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். பெண் பேசினால் என்ன நடக்கும் என்ற பாடத்தை நம் தலைமுறை இப்படித்தான் படித்தது. "வாயை மூடிக்கொண்டு இரு பிள்ளை" என்று நம் தாய்மார் சொன்னது பழமைவாதத்தினால் மட்டும் அல்ல, பயத்தினாலும்தான். கொழும்பில் இருந்தவர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. பஸ்ஸில் தமிழில் கதைக்கும்போது குரலைத் தாழ்த்திய காலம் நமக்கு மறக்கவில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். ஏறக்குறைய 400 பேர். பெண்களும் இருந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஆனால் எத்தனையோ பேருக்கு அந்தப் பயம் அத்துடன் போய்விடவில்லை.

ராஜினி பற்றி நான் சொல்ல வந்தது அவரது துணிவைப் பற்றி மட்டும் அல்ல. அவர் கேட்டவர். மற்றப் பெண்களின் வாயிலிருந்து வந்ததைப் பொறுமையாகக் கேட்டு, அதை அறிவாக மதித்தவர். விஞ்ஞானம் படித்த பெண்ணுக்கு அந்தப் பழக்கம் இருந்தது ஆச்சரியம் இல்லை.

விஞ்ஞானம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் முதலாவது பெண் துணைவேந்தராக 2011 முதல் 2017 வரை இருந்த வசந்தி அரசரட்ணம் உயிர் இரசாயனவியல் பேராசிரியர். மின்சாரமும் இரசாயனப் பொருட்களும் சீராகக் கிடைக்காத வருடங்களில் ஆய்வுகூடத்தை நடத்திய தலைமுறையைச் சேர்ந்தவர். இத்தகையவர்களை நாம் மேடைக்கு அழைத்தால் "பெண்ணின் பெருமை" என்ற தலைப்பைக் கொடுத்துவிடுகிறோம். மின்சாரம் இல்லாமல் ஆய்வுகூடம் நடத்தியது எப்படி என்று கேட்டால் அல்லவா ஏ.எல். படிக்கிற நம் பிள்ளைகளுக்குப் பிரயோசனம்?

அழுவதற்கு மட்டும் மேடை

இனி நம்முடைய விடயத்துக்கு வருகிறேன்.

யுத்தத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கைது செய்யப்பட்ட மகன்மாரைக் கேட்டு 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணியாகக் கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோது வரிசையில் நின்று சாட்சி சொன்னார்கள். 2016 இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி நாடு முழுவதும் கருத்துக் கேட்டபோது கிடைத்த 7,306 கருத்துரைகளில் இந்தப் பெண்களுடையவை நிறைய இருந்தன. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகையில் இருந்தார்கள். 2008, 2009 இல் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்குக்காக வருடக்கணக்காக நீதிமன்றப் படியேறியவர்களில் கொட்டாஞ்சேனைத் தாய்மாரும் உண்டு. இவ்வளவு பேசிய பெண்கள் இந்த நாட்டில் வேறு எவரும் இல்லை எனலாம்.

ஆனால் அவர்களிடம் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது. உங்களுக்கு என்ன நடந்தது? அதற்குப் பதில் சொல்லி முடிந்ததும், என்ன செய்யலாம் என்று சொல்ல வேறொருவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொள்வார்.

முல்லைத்தீவிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் மகளுடன் வாடகை அறையில் இருக்கும் ஓர் அக்காவை ஒரு மகளிர் தினக் கூட்டத்துக்கு அழைத்தேன். அவர் உடனே கேட்டார்: "ரீச்சர், நான் வந்து அழ வேணுமோ? அப்பிடியெண்டால் வாறன், எனக்கு அது பழகிப்போச்சு." கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. "இல்லை அக்கா, நீங்கள் அந்தச் சான்றிதழ் எடுத்த கதையைச் சொல்லுங்கோ" என்றேன்.

அவருடைய கணவர் 2009 இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதை எடுத்தால் தேடுவதை நானே நிறுத்தினமாதிரி என்பார். ஆனால் அது இல்லாமல் கணவரின் பெயரில் இருந்த காணியைத் தொட முடியாது, வங்கியில் கிடந்த பணத்தையும் எடுக்க முடியாது. 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது. இறந்தவர் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்று பதிந்தே சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தது. இதை அவர் கேள்விப்பட்டு, எந்தக் கந்தோரில் என்ன கேட்பார்கள், எந்தக் கடிதத்தின் பிரதியை எங்கே உறுதிப்படுத்த வேண்டும், கிராம சேவகர் மறுத்தால் அடுத்ததாக யாரிடம் போவது என்று ஒவ்வொன்றாக அறிந்து, அலைந்து எடுத்தவர். பிறகு தன்னைப்போன்ற வேறு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனவர். சட்டத்தரணிகளிடம் நாம் காசு கொடுத்துக் கேட்கிற விளக்கத்தை விட இவர் சொன்னது தெளிவாக இருந்தது.

அன்று அவர் 25 நிமிடங்கள் பேசினார். இடையில் ஒருமுறைதான் குரல் தழுதழுத்தது. முடிந்ததும் கேள்வி கேட்க எழும்பியவர்களில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் இருந்தார். அவருடைய தம்பியும் காணாமற்போனவர் என்பது அங்கிருந்த எங்களில் எவருக்கும் அதுவரை தெரியாது.

இது புதிய யோசனை அல்ல. வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு அகதி முகாமில் இருந்த பெண்களுடன் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்துதான் 1991 இல் சூரியா பெண்கள் அமைப்பு பிறந்தது. 1993 இல் அது மட்டக்களப்புக்குப் போய்ச் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமாக வேரூன்றியது. அங்கே பெண்கள் தங்கள் பிரச்சினைகளைத் தாங்களே பாட்டாகவும் நாடகமாகவும் ஆக்கிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அகதி என்று பதியப்பட்டவர்கள் கலைஞர்களானார்கள். 1990 இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த ஷிரீன் ஸரூர், பிறகு தமிழ், முஸ்லிம் பெண்கள் சேர்ந்து இயங்கும் மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானதும் இந்த வரிசையில்தான் வரும். யாழ்ப்பாணத்தில் 1986 இல் வெளிவந்த "சொல்லாத சேதிகள்" தொகுப்பில் எழுதிய பத்துப் பெண்களும் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள் அல்லர்.

உங்கள் மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளர் தேடும்போது, பட்டத்தை முதலில் பார்க்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தராக முப்பது வருடம் வன்னியில் வேலை செய்தவர் உங்கள் தொடர்மாடியிலேயே ஓய்வூதியத்தோடு இருக்கக்கூடும். பதுங்குகுழிக்குள் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சர் கொட்டாஞ்சேனையில் ரியூஷன் கொடுத்துக்கொண்டிருப்பார். வில்லுப்பாட்டுத் தெரிந்த அம்மா, நுண்கடன் கொம்பனியோடு வாதாடிக் கடனைத் தீர்த்த தங்கச்சி, இவர்களெல்லாம் பேச்சாளர்கள்தான். அழைக்கும்போது என்ன தலைப்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்ல விரும்பாததை மேடையில் வைத்துக் கேட்க மாட்டோம் என்றும் முதலே சொல்லிவிடுங்கள். கண்ணீரைப் படம் பிடிப்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்க விடவேண்டாம்.

பஸ் காசைக் கையில் கொடுங்கள். வந்த பேராசிரியருக்கு வாகனமும் பொன்னாடையும், வந்த அக்காவுக்குத் தேநீர் மட்டும் என்பது பல இடங்களில் நடக்கிறது. சின்னப்பிள்ளையோடு வருபவர் என்றால், அவர் பேசுகிற நேரத்தில் பிள்ளையை வைத்திருக்க ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். இரண்டு நாட்களுக்கு முன்னர் வீட்டுக்குப் போய், அவர் சொல்லப்போவதை ஒருமுறை இருந்து கேளுங்கள். முதல் தடவை பேசுகிறவர்களுக்கு அதுவே பெரிய பலம். நிகழ்ச்சி நிரலில் அவருடைய பேச்சை முன்னுக்குப் போடுங்கள். பிரமுகர்கள் எல்லோரும் பேசி முடித்து, ஒலிவாங்கி அவரிடம் வரும்போது மண்டபத்தில் பாதிப்பேர் எழும்பியிருப்பார்கள். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போகவேண்டியவர் என்றால், இருட்டுவதற்கு முன்னர் பஸ் எடுக்கவும் வேண்டும்.